தாமத நிரூபணம்

என் வீட்டுக்காரி என்னைத் திட்டினால் அது எனக்கு வந்து சேர நேரமாகும். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கட்டியை எடுக்கும்போது குரலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். உயிர் இருக்கும், பேச்சு இருக்காது. வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அதைக் கேட்டு ஓடி வந்தாள். வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த கம்ப்யூட்டரைத் துடைத்து, ஒரு மைக்கை மாட்டி, ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வரைக்கும் அம்மாவை அதன் முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொன்னாள். பேசுவதையெல்லாம் அந்தப் பெட்டி துண்டு துண்டாக நறுக்கி வைத்துக்கொள்ளுமாம். பிறகு இவள் விரலால் எதைத் தட்டினாலும், அந்தத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, இவள் குரலிலேயே பேசுமாம். நான் நம்பவில்லை. ஆயுசு முழுக்கச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன் நான். ஒட்டுப் போட்ட இடம் எப்படியும் தெரியும் என்று சொன்னேன்.

மகள் படிக்கக் கொடுத்தது நல்ல நல்ல வாக்கியங்கள். வானம் இன்று தெளிவாக உள்ளது. தயவுசெய்து கதவைத் திறக்கவும். என் வீட்டுக்காரி அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்தாள்.

"இதையெல்லாம் நான் என்னைக்குடி பேசினேன்? மொதல்ல உங்கப்பாவுக்கு வேண்டியதைப் பேசி வைக்கிறேன். பல்லு தேய்க்காம டீ குடிக்கிறது, ஈரத் துண்டைக் கட்டில்ல போடுறது, எல்லாத்துக்கும் தனித்தனியா வேணும்."

"நல்ல வார்த்தையும் ரெண்டு பேசும்மா."

"அது எப்பவாவதுதான் தேவைப்படும். கடைசியில பாத்துக்கலாம்."

கடைசியில் பேசினாளா என்று எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, முதல் தடவையாகத் தட்டினாள். ஒட்டு தெரியவில்லை. அசல் அவள்தான். கோபம் வந்தால் மூக்கால் இழுப்பாளே, அந்த இழுப்பு வரைக்கும். ஆனால் பெட்டி பழசு. அவள் தட்டி முடித்ததும் உள்ளே கரகரவென்று ஏதோ தேடும். தேடிக்கொண்டே இருக்கும். "மாத்திரை போட்டியா?" என்று நான் கேட்டுவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்த் துணியெல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். அப்போதுதான் பதில் வரும். "போட்டாச்சு. போடலேன்னா மட்டும் வந்து ஊட்டிவிடப் போறீங்களா?"

இத்தனை வருஷமாக அவளிடம் ஒரு சண்டையிலும் நான் ஜெயித்ததில்லை. இப்போது எல்லாவற்றிலும் ஜெயித்தேன். அவள் பதில் வருவதற்குள் நான் எழுந்து போய்விட்டால் முடிந்தது. ஜெயித்து என்ன, வாய்க்கு விளங்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் பேசிக்கொண்டிருக்க வந்தாள். தங்கை மகளுக்கு வரன் அமைந்திருக்கிறது என்றாள். இவள் தட்டினாள். பெட்டி தேட ஆரம்பித்தது. அந்த அம்மா சும்மா இருக்க மாட்டாமல் அடுத்த பேச்சுக்குப் போனாள். ஊரில் இருந்த தன் மாமனார் போன வாரம் தவறிவிட்டார், படுக்கையிலேயே போய்விட்டார் என்று கண்ணைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி வாயைத் திறந்தது.

"ரொம்ப சந்தோஷம். நல்லபடியா நடக்கட்டும். எங்களையும் கூப்பிடுங்க."

அதற்கப்புறம் அந்த அம்மா வரவில்லை. இவளும் தட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். ஏதோ தட்டுவாள், பாதியில் அழித்துவிடுவாள்.

"சொல்ல வந்ததைச் சொல்லேன்டி," என்பேன்.

"சொல்றதுக்குள்ள ஆறிப் போயிடுது" என்று அது ஆறிப்போய் வரும்.

தெருக்கோடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் அதை ஓடவிட்டு, காதை வைத்துக் கேட்டார்.

"டிஸ்க்குதான் இழுக்குது ஐயா. உள்ள ஒரு தட்டு சுத்துது, ஊசி அதுல தேடித் தேடி எடுக்குது. அம்மா பேச்சு எக்கச்சக்கமான துண்டா கிடக்கு. அது பாவம், எத்தனை இடத்துக்கு ஓடும்? எஸ்.எஸ்.டி. போட்டுடுங்க. அதுல சுத்துற சமாசாரமே கிடையாது. கேட்ட கையோட குடுத்துடும்."

இழுப்பறையைத் திறந்து இரண்டு விதம் காட்டினார். சிகரெட் பெட்டி மாதிரி ஒன்று. சூயிங்கம் மாதிரி நீளமாக ஒன்று.

"இந்த நீட்டுது இன்னும் வேகம். ஆனா உங்க பெட்டி பழசு, அதைச் செருக உள்ள இடமே இல்ல. கேபிள்ல மாட்டுற இதுவே போதும். விலையும் கம்மி. அதுக்கு மேல வேகம் வாங்கினாலும், உங்க வீட்டுக்காரம்மா அவ்வளவு வேகமா தட்டணுமே."

விலை குறைந்ததை எடுத்து நீட்டும் கடைக்காரனை நான் பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகம் வந்தது. ஆனால் அதைக் கேட்பதற்குள் அவரே இழுப்பறையைச் சாத்திவிட்டார்.

"குடுக்கத்தான் முடியாது. வாரியத்துல தகுதிச் சீட்டு வாங்கிட்டு வாங்க. அரை மணி நேரத்துல மாத்திக் குடுத்துடறேன். ஆமா, அம்மா குரலுக்கு நகல் எடுத்து வச்சிருக்கீங்களா?"

மகளுக்குப் போன் போட்டேன்.

"இருக்குப்பா. நான் மறப்பேனா? பக்கத்துலயே வச்சிருக்கேன்."

"பக்கத்துலன்னா?"

"அதே டிஸ்க்குலதான். வேற பேர் போட்டு."

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சரி, வேறு எதிலாவது ஒரு நகல் போட்டுக் கொடு தம்பி என்றேன். பென் டிரைவுக்கும் சீட்டு வேண்டும், சேமிக்கிற எதற்கும் சீட்டு வேண்டும், அவருடைய கடை டிஸ்க்கில் அடுத்தவர் சரக்கு இருந்தால் கடையையே பூட்டிவிடுவார்கள் என்றார். "சீட்டு வர்ற வரைக்கும் பெட்டியை ரொம்ப அலட்டாதீங்க. அது போற வயசுல இருக்கு."

வாரியம் என்பது சேமிப்புச் சாதனத் தேர்வு வாரியம். மக்கள் போலி டிஸ்க்கை வாங்கி ஏமாறுகிறார்கள் என்று கண்டுபிடித்து அரசாங்கம் அதை அமைத்தது. அமைத்த பிறகு ஏமாறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது என்று சொன்னார்கள். வாங்குவது நின்றுபோனால் ஏமாறுவதும் நிற்கத்தானே செய்யும்.

கட்டடம் பெரிசு. பெயின்ட் மட்டும் மட்டம். ஒரு கோட்டிங்கோடு விட்டிருந்தார்கள். கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், அவற்றில் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு ஜனங்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது போல் வைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒன்று எழுதியிருந்தது: தேர்வு உங்கள் உரிமை, தேர்ந்தெடுப்பது எங்கள் கடமை.

முதல்நிலை ஆலோசகர் ஒரு இளவயதுப் பெண். நல்ல பெண்தான். குரல் கொஞ்சம் இனிப்பாக இருந்ததால் நான் உஷாராக இருந்தேன்.

"எதுக்கு வேகம் வேணும் ஐயா?"

"பேசறதுக்கும்மா."

"பேசறதுக்கு எதுக்கு வேகம்? இங்க நாங்கல்லாம் வேகமாவா பேசறோம்?"

விவரத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் திரையைப் பார்த்தாள். வேலை, படிப்பு, விளையாட்டு, பொழுதுபோக்கு என்று இனம் இருக்கிறதாம். பேச்சு என்று ஒரு இனம் இல்லையாம்.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு வாலிபன். துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு விளையாடுகிறவனாம். சுடுவதற்குக் கொஞ்சம் தாமதமானாலும் தன் உயிர் போய்விடுகிறது என்றான். ஆலோசகர் பதறிப்போய் முத்திரை குத்திக் கொடுத்தார். உச்ச வேகம். அவன் உயிர் பிழைத்த முகத்தோடு போனான்.

"அம்மா ஏதாவது விளையாடுவாங்களா?" என்று எனக்கு வாய்த்த ஆலோசகர் பெண் தணிந்த குரலில் கேட்டாள். எனக்கு உதவி செய்கிறாளாம்.

"என்கிட்டதான் விளையாடுவா."

"அது இதுல வராது. பொழுதுபோக்குன்னு போட்டுடவா?"

"அவ பேசறது எனக்குப் பொழுதுபோக்கு இல்லம்மா. நாப்பது வருஷத் தண்டனை."

அவள் சிரித்துக்கொண்டே பொழுதுபோக்கு என்று போட்டாள். பொழுதுபோக்குக்கு வேகம் கிடையாது. பொழுது போகத்தானே வேண்டும், ஏன் வேகமாகப் போக வேண்டும் என்பது வாரியத்தின் கொள்கை. அதற்கு மேல் வேண்டுமென்றால் அவசர வேகம் என்று ஒன்று உண்டு. அதற்குத் தாமத நிரூபணம் வேண்டும். அதாவது, இருக்கிற டிஸ்க் மெதுவானது என்பதை வாரியம் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். இவள் நெடுநேரம் தட்டினாள். நான் சாப்பிட்டு, கை கழுவி, வந்து உட்கார்ந்தேன்.

"அங்க போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருப்பீங்க. என்கிட்ட மட்டும்தான் வாய். அடுத்த தடவை நானும் வர்றேன்."

தாமதத்தைப் பார்க்க ஒருவர் வந்தார். அளவீட்டு அலுவலர். கழுத்தில் கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். நான் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, வழக்கமாகப் பேசும் வாக்கியம் ஏதாவது ஒன்றைப் பேசச் சொன்னார். இவள் தட்டினாள். கடிகாரத்தை அமுக்கினார். பெட்டி தேடியது. அவர் டீயைக் குடித்தார், வேறு வீடு எதற்காவது பெயின்ட் அடித்ததுண்டா என்று என்னைக் கேட்டார், தன் வீட்டுச் சமையலறையில் ஈரம் கசிவதைச் சொன்னார், நான் அதற்கு வழி சொன்னேன், அவர் இன்னொரு டீ கிடைக்குமா என்றார்.

"டீ குடிக்கத்தான் வந்தீங்களா, வேலை எதுவும் இருக்கா?" என்றது பெட்டி.

எனக்குப் பேசி வைத்த வாக்கியம் அது. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நேர்மையானவர், கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"தாமதம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அது டிஸ்க்கோட தாமதமா, அம்மாவோட தாமதமான்னு தெரியணும். இயல்பா மெதுவா யோசிக்கிறவங்களா?"

இவள் அவரைப் பார்த்த பார்வைக்கு எந்தப் பெட்டியும் தேவைப்படவில்லை.

ஆளைப் பிரித்து, பெட்டியை மட்டும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு வண்டி வந்தது. பெட்டியின் மேல் பச்சைத் துணியைப் போர்த்தி எடுத்துப் போனார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள்.

அதன் பிறகு வீடு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மெதுவான பேச்சாவது பேச்சு. இப்போது அதுவும் இல்லை. காகிதத்தில் எழுதிக் காட்டுவாள். அவள் எழுத்து கோழி கிறுக்கியது போலிருக்கும், என் கண்ணும் மங்கல். 'உப்பு' என்று எழுதியதை நான் வேறு என்னவோ என்று படித்து மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்ததும் திட்டுவாள் என்று வாசலில் தயங்கி நின்றேன். பிறகுதான் நினைவு வந்தது. அவளும் வாயைத் திறந்தாள், அவளுக்கும் அப்போதுதான் நினைவு வந்தது போல மூடிக்கொண்டாள். மூச்சு விடத் தொண்டையில் போட்டிருந்த துளையின் மேல் கட்டிய துணி மட்டும் உப்பி அடங்கியது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இருவரும் போனோம். அவள் பீரோவிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மேல் மாடியில் நீள மேசை. ஒரு கோடியில் தலைவர், பக்கத்தில் அளவீட்டு அலுவலர், குறிப்பெடுக்க ஒருவர். தலைவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தார். எங்களிடம் பேசவில்லை. பொதுவாகப் பேசினார்.

"வேகம்னா சும்மா இல்ல பெரியவரே. அது ஒரு பொறுப்பு. தகுதி இல்லாதவங்க கையில வேகம் போனா என்ன ஆகும்? எல்லாரும் எல்லாத்தையும் உடனே செஞ்சுடுவாங்க. அப்புறம் நாங்க எதுக்கு? நான் இந்த நாற்காலிக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு. இதுவரைக்கும் ஒரு டிஸ்க்கைக்கூட அவசரப்பட்டுத் தேர்ந்தெடுத்ததா யாரும் என்னைச் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னா, அவசரப்படாமலும் ஒண்ணையும் தேர்ந்தெடுத்ததில்ல. அதனாலதான் எங்க மேல ஒரு புகார்கூட இல்ல. என் வீட்டுலயும் கம்ப்யூட்டர் இருக்கு. காலையில சுவிட்சைப் போட்டுட்டு நடக்கப் போயிடுவேன். நடந்துட்டு வந்து, குளிச்சுட்டு உக்காந்தா சரியா இருக்கும். சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. எதுக்கு இந்தப் பறப்பு?"

குறிப்பெடுப்பவர் 'பறப்பு' வரைக்கும் எழுதினார்.

பிறகு அளவீட்டு அலுவலர் சோதனையை விளக்கினார். நிரப்புச் சோதனை என்று அதற்குப் பெயர். டிஸ்க்கை விளிம்பு வரைக்கும் வெறும் எண்களால் நிரப்புவார்கள். அழிப்பார்கள். மறுபடி நிரப்புவார்கள். அது திணறித் திணறி மூச்சு வாங்குவதைப் பார்த்தால்தான் மெதுவானது என்று வாரியத்துக்கு நிச்சயமாகுமாம்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"அப்போ உள்ள இருக்கறது?"

"என்ன இருக்கு?"

"இவ குரல் இருக்கு சார்."

"உள்ளடக்கம் எங்க வரம்புல வராது. நாங்க பாக்கறது வேகத்தை மட்டும்தான்."

தலைவர் கையை உயர்த்தினார். "பயப்படாதீங்க. வாரியம் யாரையும் கட்டாயப்படுத்தாது. இந்த விசாரணையே அதுக்குத்தான். சோதனைக்கு ஆட்சேபணை இருந்தா, பயன்படுத்துறவங்க தன் வாயால சொல்லலாம். குறிச்சுக்கிட்டு நிறுத்திடுவோம்." இவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. ஆட்சேபணை உண்டா?"

இவள் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். வேண்டாம் என்கிற சொல்லுக்கு உதடு எப்படிக் குவியுமோ அப்படிக் குவிந்தது. துளை வழியாகக் காற்றுதான் வந்தது.

"வேண்டாங்கறா சார்," என்றேன்.

"நீங்க சொல்லக் கூடாது." தலைவர் முதல் தடவையாகக் கடுமையாகப் பேசினார். "மனைவிக்குப் பதிலா கணவர் பேசறதை இந்த வாரியம் அனுமதிக்காது. எத்தனை காலமா இந்த நாட்டுல பெண்கள் குரலை அமுக்கி வச்சிருக்கீங்க? அவங்க குரல்ல அவங்க சொல்லட்டும்."

"அவ குரல் உங்ககிட்டதான சார் இருக்கு. அந்தப் பெட்டியைக் கொண்டாந்து வைங்க, அதுலயே சொல்லுவா."

"சோதனையில இருக்கிற பொருளை விசாரணைக்குக் கொண்டுவர முடியாது."

இவள் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். மருந்துக் கடைப் பையைக் கிழித்து, நானே படிக்கிற அளவுக்குப் பெரிதாக வேண்டாம் என்று எழுதி, மேசையில் வைத்தாள். குறிப்பெடுப்பவர் அதை எட்டிப் பார்த்தார். தொடவில்லை.

"எழுத்து மூலமா குடுத்தா அது மனு ஆயிடும் சார். மனுப் பிரிவு கீழ இருக்கு. அவங்க இன்னிக்குப் பயிற்சிக்குப் போயிருக்காங்க."

இவள் தலையைப் பலமாக ஆட்டினாள். தலையாட்டலைக் குறிக்க வழியில்லை என்றார்கள், ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஆளுக்கு ஆள் ஆட்டல் மாறுகிறதாம். கடைசியில் அவள் இரண்டு கையாலும் மேசையை ஓங்கி ஓங்கித் தட்டினாள். தண்ணீர் டம்ளர் சாய்ந்து தலைவர் மடியில் கொட்டியது.

"மேசையைத் தட்டினதைக் குறிக்கலாமா சார்?"

"குறிச்சுக்கங்க. சபையில மேசையைத் தட்டினா வரவேற்பு," என்றார் தலைவர், மடியைத் துடைத்துக்கொண்டே. பிறகு குறிப்பை வாசிக்கச் சொன்னார். பயன்படுத்துபவர் மௌனம் காத்தார். ஆட்சேபணை இல்லை. மேசை தட்டி வரவேற்றார்.

நான் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. சோதனை அறை எது என்று கேட்டுக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் ஓடினால் எப்படி இருக்கும், ஓடினேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் எங்கள் பெட்டி மேசைமேல் இருந்தது. பச்சைத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. அப்பாடா, இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

"நிறுத்துங்க. விசாரணையே இன்னும் முடியல," என்றேன் அங்கே இருந்தவனிடம்.

"விசாரணை முடியற வரைக்கும் காத்திருந்தா தாமதமாகும்னு காலையிலயே ஆரம்பிச்சுட்டோம் ஐயா," என்றான் அவன். "இது மூணாவது தடவை நிரப்பறோம். பாருங்க, எவ்வளவு திணறுதுன்னு. உங்க கேஸ் ரொம்ப ஸ்ட்ராங்."

அந்த வாரியம் அமைந்த நாளிலிருந்து காத்திருக்காமல் செய்த காரியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

எங்களுக்கு அவசர வேகம் கிடைத்தது. தாமதம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டது என்று தலைவரே கையெழுத்துப் போட்டார். வாரியத்தின் முதல் அவசர வேகம் இதுதான் என்பதால் போட்டோ எடுத்தார்கள். இவளை நடுவில் நிற்க வைத்து, கையில் சீட்டைக் கொடுத்து, "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார்கள். அவள் தொண்டைத் துணியைச் சரிசெய்துகொண்டாள். பயனடைந்தவர் நெகிழ்ச்சியில் பேச்சிழந்தார் என்று போட்டோவுக்குக் கீழே போட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள்.

சீட்டில் எழுதியிருந்தது அந்த நீளமான ரகம். எங்கள் பெட்டியில் அதைச் செருக இடமில்லை என்று கடைக்காரர் முதலிலேயே சொன்னதுதான். வேறு எதையும் விற்க அவருக்கு அனுமதியில்லை. உள்ளே ஒரு அடாப்டர் கார்டைப் பொருத்தி, அதன்மேல் எப்படியோ செருகி ஓட்டினார். பழைய டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, தன் கடையைச் சாத்திவிட்டு, சாயங்காலம் வரை துழாவிப் பார்த்தார். மகள் போனிலேயே இருந்தாள்.

"ஒரு துண்டாவது இருக்கா அண்ணா?"

"சும்மா அழிச்சிருந்தாக்கூட எடுத்திருப்பேம்மா. இது சுரண்டிச் சுரண்டி மேல பூசியிருக்காங்க."

பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு அடித்தால் கீழே என்ன நிறம் இருந்தது என்று எனக்கே தெரியாது. போனில் இருந்த மகள்தான், அந்தப் பேச்சு நிரலோடு கம்பெனிக்காரன் கொடுத்த குரல் ஒன்று இருக்கிறது, இப்போதைக்கு அதைப் போட்டுவிடுங்கள் என்றாள்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். அவள் நாற்காலியை இழுப்பதற்குள் திரை தயாராக நின்றது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டவில்லை. அன்றைக்கும் தட்டவில்லை, மறுநாளும் தட்டவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. புதுச் சுவரில் முதலில் யார் கை வைப்பது என்று எல்லோருக்கும் ஒரு தயக்கம் இருக்கும்.

பிறகு ஒரு நாள் காலை நான் உள்ளறையில் வெறும் உடம்போடு, பனியன்கூட இல்லாமல், கட்டிலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஒரு பெண் பேசுவது கேட்டது. வயசுப் பெண். படித்த பெண். ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்தது போல் அவ்வளவு சுத்தமான பேச்சு. நமக்குத் தெரிந்தவர்களில் இப்படிப் பேசுகிறவர் யாருமில்லை. வாரியத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேள்வி கேட்க வந்திருப்பார்கள், இவளைத் தனியாக விடக் கூடாது. அவசர அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டி, எல்லாப் பொத்தானையும் போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு, "வாங்கம்மா, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு வந்தேன்.

யாரும் இல்லை. இவள்தான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்காக என்னைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் என் சட்டையைப் பார்த்தாள். கழுத்து வரைக்கும் போட்டிருந்த பொத்தானைப் பார்த்தாள். வாரின தலையைப் பார்த்தாள். விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன.

"துண்டுதான, எடுத்துடறேன்," என்றேன்.

உள்ளே போய் எடுத்துக் கொடியில் போட்டேன். சட்டையைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. கூடத்தில் அந்தப் பெண் மறுபடி பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் பேசவில்லை.